தேதியை எப்படி எழுதுவது: ஓர் ஏற்றுமதி அலுவலகத்துக்கான ஒப்பீடு

ஒரு பர்ச்சேஸ் ஆர்டரில் 05/06/2026 என்று அச்சாகியிருந்தால், திருப்பூர் அவிநாசி சாலையில் இருக்கும் பனியன் கம்பெனி அதை ஜூன் 5, வெள்ளிக்கிழமை என்று படிக்கும். அதை அனுப்பிய நியூயார்க் அலுவலகமோ மே 6, புதன்கிழமை என்று நினைத்துத்தான் எழுதியிருக்கும். இடையில் முப்பது நாள் இருக்கிறது. முப்பது நாள் என்பது நூல் இறங்கி, நிட்டிங் முடிந்து, துணி டையிங்குக்குப் போய்வந்து, காம்பாக்டிங் ஆகி, கட்டிங் மேசையில் ஏறுகிற காலம். அவ்வளவு தாமதமானால் தூத்துக்குடிக் கப்பலில் ஏற வேண்டிய பெட்டிகள் விமானத்தில் போகும். அந்தச் செலவு பெரும்பாலும் தயாரித்தவர் தலையில்தான் விழும்.

ஓர் ஆண்டில் இப்படி இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய நாட்கள் எத்தனை என்பதை விரல் விட்டே எண்ணிவிடலாம். ஒவ்வொரு மாதத்திலும் முதல் பன்னிரண்டு நாட்கள் மாதத்தின் எண்ணாகவும் வேடம் போடக்கூடியவை. அவற்றில் 1/1, 2/2 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வரும் பன்னிரண்டைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 132 நாட்கள். ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இதைப் பற்றிப் பேசினால் நுணுக்கம் பார்க்கிறவன் என்ற பெயர்தான் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், துணியை வாங்கிக் கூலிக்கு வேலை செய்துதரும் உள்ளூர் ஜாப் ஒர்க்காரர், வங்கி, ஜி.எஸ்.டி. தளம் என்று நான்கு திசையிலும் தாள் அனுப்பும் ஓர் அலுவலகம் ஆளுக்கொரு விதமாகத் தேதி எழுதிக்கொண்டிருப்பதைவிட, ஒரு நாள் உட்கார்ந்து எது எங்கே என்று முடிவு செய்துவிடுவது நல்லது. அந்த முடிவுக்கு உதவும் ஒப்பீடு இது.

நாள், மாதம், ஆண்டு

நாம் பிறந்தது முதல் எழுதிவரும் முறை இது. காசோலையின் கட்டங்கள், பாஸ்போர்ட், சரக்கோடு போகும் டி.சி. (டெலிவரி சலான்) புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு என எல்லாவற்றிலும் இதுவே இருக்கிறது. இ-இன்வாய்ஸ் தளமும் இ-வே பில்லும் சாய்கோடு போட்ட இதே வரிசையைத்தான் கேட்கின்றன. இந்தியாவுக்குள் இதைத் தவறாகப் படிக்க ஆள் கிடையாது. ஐரோப்பிய பையர்களில் பெரும்பாலோரும் இந்த வரிசைக்காரர்களே என்பதால், அவர்களோடு மட்டும் தொழில் செய்யும் கம்பெனிகள் இதில் குறையே இல்லை என்று நினைத்துக்கொள்வதும் இயல்பு.

குறை கணினியின் கோப்புறையைத் திறக்கும்போது தெரியும். பேக்கிங் லிஸ்ட்களை 01-04-2026, 02-04-2026 என்று பெயரிட்டுச் சேமித்துக்கொண்டே வாருங்கள். மூன்று மாதம் கழித்துப் பெயர் வரிசையில் பார்த்தால் ஏப்ரல் 1, மே 1, ஜூன் 1 மூன்றும் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே மூன்று மாதத்தின் இரண்டாம் தேதிகள். அதற்கும் கீழே மூன்றாம் தேதிகள். கணினி இடமிருந்து வலமாக எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது, முதலில் நிற்பது நாள் என்பதால் நாளை வைத்தே அடுக்குகிறது. கோப்பு மாற்றப்பட்ட தேதியை வைத்து அடுக்கிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். பழைய பேக்கிங் லிஸ்டைத் திறந்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்த மறுகணம் அது இன்றைய கோப்பாகிவிடும்; வாட்ஸ்அப்பில் வந்ததை இறக்கினால் அது பிறந்த நாளை விட்டுவிட்டு இறக்கிய நாளைக் காட்டும். கோப்பின் உள்ளே இருக்கும் தாள் எந்த நாளுக்குரியது என்பதை அதன் பெயரைத் தவிர வேறு எதுவும் உறுதியாகச் சொல்லாது.

சாய்கோட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோடு கூடாது. ஜி.எஸ்.டி. விதியோ இன்வாய்ஸ் எண்ணில் எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு ஆகியவற்றை அனுமதிக்கிறது. மொத்தம் பதினாறு குறிகளுக்கு மேல் போகக்கூடாது என்பதே அதன் எல்லை. ஆகவே 25-26/0117 என்று இன்வாய்ஸ் எண் வைத்திருக்கும் கம்பெனி, அதே எண்ணில் பி.டி.எஃப். கோப்பைச் சேமிக்க முடியாமல் சாய்கோட்டை எடுத்துவிட்டு ஒருவர் இடைவெளியும், இன்னொருவர் அடிக்கோடும், மூன்றாமவர் ஒன்றுமே போடாமலும் எழுதுவார்கள். பிறகு தேடும்போது மூன்றில் ஒன்றுதான் அகப்படும். சிறுகோட்டை மட்டுமே வைத்துக்கொண்டால் தாளிலும் கோப்பிலும் ஒரே எண் நிற்கும்.

மாதம், நாள், ஆண்டு

அமெரிக்காவின் முறை. அங்கே அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்; அமெரிக்க பையருக்கு எழுதும்போதுகூட நாம் இதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஏனெனில் நாம் இந்தியர் என்பது அவருக்குத் தெரியும். நாம் 05/06 என்று எழுதினால் நம் வழக்கில் எழுதினோமா, அவருக்காக மாற்றி எழுதினோமா என்ற சந்தேகம் அவருக்குக் கட்டாயம் வரும். மரியாதைக்காகச் செய்வது குழப்பத்தில் முடியும். மெர்ச்சண்டைசர் பெண் ஆவணப் பிரிவுக்கு வந்து, "ஏனுங்கண்ணா, அஞ்சு ஆறுன்னு போட்டிருக்குதுங்க, மே மாசமுங்களா, ஜூன் மாசமுங்களா?" என்று கேட்கும் கேள்வி, அந்தப் பக்கம் இருப்பவர் மனத்திலும் அப்படியே எழும்.

இந்த முறையை நாம் தேர்ந்தெடுக்காவிட்டாலும் அது நம் அலுவலகத்துக்குள் தானாகவே குடியிருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளில் விண்டோஸ் போடும்போது வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாகவே விடப்பட்டிருப்பது சகஜம். அந்தக் கணினியில் எக்செல் ஷீட்டைத் திறந்து டையிங்குக்குத் துணி அனுப்பிய தேதிகளை நம் வழக்கப்படி அடித்துக்கொண்டே வாருங்கள். 03/04/2026 என்று அடித்ததும் எக்செல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு 3/4/2026 என்று காட்டும். முன்னால் இருந்த பூச்சியங்கள் காணாமல் போனதைத் தவிர, பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். 13/04/2026 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஆகவே அந்த நெடுவரிசையைச் சற்று உற்றுப் பார்த்தால், பன்னிரண்டு வரையிலான நாட்கள் செல்லின் வலது ஓரத்தில் ஒட்டியும், பதின்மூன்று முதலானவை இடது ஓரத்தில் ஒட்டியும் நிற்பது தெரியும். இடது ஓரத்தில் நிற்பவை கணக்கில் சேரவில்லை. வலது ஓரத்தில் நிற்பவையோ தவறான மாதத்தில் சேர்ந்திருக்கின்றன. இரண்டில் மோசமானது இரண்டாவதுதான். அதே ஷீட்டை நாளை இந்திய அமைப்புள்ள கணினியில் திறந்தால் முதல் வகை 04-03-2026 என்று மாறிக் காட்சி தரும், இரண்டாம் வகை அடித்தபடியே கிடக்கும்.

இதில் பணமும் சட்டமும் கலந்திருக்கின்றன. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓர் ஆண்டுக்குள் திரும்பியாக வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்கிறது, அந்த ஓர் ஆண்டு டி.சி. தேதியிலிருந்து ஓடுகிறது. சிறு தொழில் நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் கொடுக்காமல் போனால், கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியும். இத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு ஷீட் கணக்கிட்டுச் சொல்லும்போது, அதன் தேதி நெடுவரிசை இடமும் வலமுமாகப் பிரிந்து கிடந்தால் அந்தக் கணக்கை நம்பி எந்த ஆடிட்டரிடமும் போய் நிற்க முடியாது.

எக்செலின் இந்த அவசர புத்தி குழந்தைகள் ஆடை தைக்கும் கம்பெனிகளுக்கு வேறொரு வழியிலும் அறிமுகம். பேக்கிங் லிஸ்டில் அளவு என்ற தலைப்பின் கீழ் 3-4 என்று அடித்தால் இந்திய அமைப்பில் அது ஏப்ரல் 3 ஆகிவிடும். 5-6 ஜூன் 5 ஆகும், 7-8 ஆகஸ்ட் 7 ஆகும். வயது அளவைத் திரும்பக் கொண்டுவர அந்த செல்லை எண்ணாகவோ எழுத்தாகவோ மாற்றினால் 3-4க்குப் பதில் 46115 என்று வந்து நிற்கும். 1900 ஜனவரி 1 முதல் எண்ணி வந்த நாள் எண் அது. எக்செல் எந்தத் தேதியையும் உள்ளே இப்படித்தான் வைத்திருக்கிறது. (அந்த எண்ணிக்கையில் 1900 பிப்ரவரி 29 என்ற பிறக்காத நாள் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. எக்செலுக்கு முந்திய லோட்டஸ் 1-2-3 என்ற ஷீட் நிரலில் இருந்த தவறை, அதன் ஷீட்கள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே எடுத்துக்கொண்டார்கள்.) இதே தொல்லையால் மரபணு ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டு மார்ச், செப்டம்பர் மாதப் பெயர்களை ஒத்த சில மனித மரபணுக்களின் குறியீட்டையே மாற்றிக்கொண்டார்கள். அவர்களாலேயே எக்செலைத் திருத்த முடியவில்லை என்றால் நாம் செய்யக்கூடியது, அளவு நெடுவரிசையை அடிக்கத் தொடங்கும் முன்பே எழுத்து வகையாக மாற்றிவிடுவது, அல்லது 3-4Y என்று ஓர் எழுத்தைச் சேர்த்து எழுதுவது.

மாதத்தை எழுத்தில் எழுதுதல்

5 ஜூன் 2026 என்றோ ஜூன் 5, 2026 என்றோ எழுதினால் எந்த நாட்டுக்காரரும் தடுமாறப் போவதில்லை. மனிதர் படிக்கும் தாளுக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து. வங்கிகளும் அப்படியே நினைக்கின்றன. எல்.சி. (பையரின் வங்கி பணம் தருவதாக உறுதி சொல்லும் கடிதம்) ஆவணங்களைப் பரிசீலிக்கும் நடைமுறைக்காக ஐ.சி.சி. என்ற பன்னாட்டு வணிக மன்றம் வெளியிட்டிருக்கும் தொகுப்பு, குறித்த நாள் எதுவென்று ஆவணங்களிலிருந்து தெரியுமானால் எந்த வடிவில் தேதி எழுதினாலும் ஏற்கலாம் என்று தாராளம் காட்டிவிட்டு, ஐயம் வராமலிருக்க மாதத்தை எழுத்தில் எழுதுவதே நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. கணக்கு எழுதும் மென்பொருளான டேலி 1-Apr-26 என்பதுபோல் காட்டுகிறது. விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-1 ஆஃப்லைன் டூல் மூன்றெழுத்து மாதத்தையே கேட்கிறது, அதே ஜி.எஸ்.டி.யின் இ-இன்வாய்ஸ் தளம் மாதத்தை எண்ணில் கேட்கிறது என்பதை மேலே சொன்னேன். ஒரே வரியின் இரண்டு வாசல்களுக்கு இரண்டு வடிவம். இதில் நமக்குத் தேர்வு இல்லை என்பதால் குறை சொல்லிப் பயனும் இல்லை.

இதன் பலவீனங்கள் மூன்று. பேனாவால் எழுதும்போது, அதிலும் டி.சி. புத்தகத்தில் கார்பன் தாளுக்கு அடியில் போகும் மூன்றாம் பிரதியில், ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கத்தில் ஜூனுக்கும் ஜூலைக்கும் கடைசி எழுத்து ஒன்றே வேற்றுமை. அது மங்கிவிட்டால் ஒரு மாதம் போச்சு. அடுத்தது, இந்த வடிவில் பெயரிட்ட கோப்புகளை மாதவாரியாகப் பிரித்து அடுக்கினால் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர், பிப்ரவரி என்று ஆங்கில அகர வரிசையில் வரும். கடைசியாக, ஜெர்மன் அமைப்புள்ள எக்செல் மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் வேறு சுருக்கங்களை எதிர்பார்க்கிறது. நாம் ஆங்கிலச் சுருக்கத்தில் அடித்து ஒட்டிய நெடுவரிசை அங்கே பாதி தேதியாகவும் பாதி எழுத்தாகவும் பிரிந்துவிடக்கூடும். ஆக, இது கண்ணுக்கான வடிவம். ஷீட்டுக்கும் கோப்புப் பெயருக்கும் ஆகாது.

ஆண்டு, மாதம், நாள்

2026-06-05. ஐ.எஸ்.ஓ. 8601 என்ற பன்னாட்டுத் தரம் 1988 முதல் சொல்லிவருவது இது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 7900 தரமும் இதையே ஏற்றிருக்கிறது. ஆனால் நம் அரசு அலுவலகங்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் அன்றாட வழக்கே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைதான்.

இதன் முதல் நன்மை வரிசை. எழுத்து வரிசையும் கால வரிசையும் இதில் ஒன்றாகிவிடுவதால், கோப்புறையைத் திறந்தால் ஏப்ரல் முழுவதும் ஒரே கொத்தாகவும் அதன் பின் மே முழுவதும் இன்னொரு கொத்தாகவும் நிற்கும்; யாரும் எதையும் அடுக்க வேண்டாம். கைபேசி எடுக்கும் படங்களுக்கும் வாட்ஸ்அப் சேமிக்கும் படங்களுக்கும் இடையில் கோடில்லாத இதே எட்டு இலக்கம் பெயராக வருவதை எல்லாரும் பார்த்திருப்போம். இரண்டாவது நன்மை, எக்செலில் 2026-04-03 என்று அடித்தால் கணினியின் அமைப்பு இந்தியமோ அமெரிக்கமோ, அது ஏப்ரல் 3 என்றே எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன இடது ஓர, வலது ஓரத் தொல்லை இந்த ஒரு பழக்கத்தாலேயே தீர்ந்துவிடும். மூன்றாவது, நான்கு இலக்க ஆண்டு முன்னால் வந்துவிட்டால் அடுத்து நிற்பது மாதமா, நாளா என்று கேட்பவர் அநேகமாக இருக்கமாட்டார்; ஆண்டுக்கு அடுத்து நாளை எழுதும் வழக்கம் உலகில் அரிது.

எதிர்த்துச் சொல்லப்படுவது, இது நம் ஊர் வழக்கம் இல்லை, ஏதோ வெளிநாட்டு ஏற்பாடு என்பதே. இந்த வாதம் எனக்கு உவப்பானது அல்ல. வீட்டில் இருக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம் 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இன்ன திதி, இன்ன நட்சத்திரம், காலை இத்தனை மணிக்கு மேல் இத்தனை மணிக்குள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிவரும். நடுவில் அடைப்புக்குள் மட்டும் 8.2.2026 என்று தலைகீழாக ஓர் எண் உட்கார்ந்திருக்கும். கிரயப் பத்திரமும் அப்படித்தான் தொடங்குகிறது. ஆண்டு முதலில், மாதம் அடுத்து, தேதி கடைசியில். அதன் சொத்து விவரமும் பதிவு மாவட்டம், சார்பதிவு மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், பிறகு நான்கெல்லை என்று அதே முறையில் குறுகிக்கொண்டே வரும். தோட்டத்தையும் கல்யாணத்தையும் இந்த வரிசையில் எழுதிப் பழகிய கொங்கு நாட்டுக்கு பேக்கிங் லிஸ்டை எழுதுவது மட்டும் அந்நியமாகிவிடாது.

வேறு இரண்டு எச்சரிக்கைகள் உண்மையானவை. பூச்சியத்தை விடக்கூடாது. 2026-4-3 என்று எழுதினால் சில நிரல்கள் அதை எண்ணாகப் பார்த்துச் சரியாக அடுக்கும், சில எழுத்தாகப் பார்த்து நவம்பரை ஏப்ரலுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். அதைவிட முக்கியமானது, ஆண்டை இரண்டு இலக்கமாகச் சுருக்கக்கூடாது. எல்.சி.யின் ஸ்விஃப்ட் செய்தியில் சரக்கு ஏற்ற வேண்டிய கடைசி நாள் 44சி என்ற புலத்தில் 260605 என்று ஆறு இலக்கமாக வரும். அது வங்கிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அங்கே குழப்பம் வராது. ஆனால் ஆவணப் பிரிவில் அதை அப்படியே பார்த்து 26-06-05 என்று ஷீட்டில் அடித்துவிட்டால், இந்திய அமைப்புள்ள கணினி அதை 2005 ஜூன் 26 என்று படிக்க எல்லா உரிமையும் உண்டு. 2031 முடியும் வரை ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் ஒரு மாதத்தின் நாளாகவும் தோற்றமளிக்கும் என்பதால், இந்த நூற்றாண்டின் முதல் முப்பத்தொரு ஆண்டுகள் இரண்டு இலக்க ஆண்டுக்கு மிக ஆகாத காலம். எல்.சி. தேதியை நான்கு இலக்க ஆண்டாக விரித்தே எடுத்தெழுத வேண்டும். கடைசிக் கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி உற்பத்தியைத் திட்டமிடுவதும், கப்பல் ஏற்றிய நாளிலிருந்து எல்.சி.க்கான ஐ.சி.சி. விதித்தொகுப்பான யு.சி.பி. 600 தரும் 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் சேர்ப்பதும் இந்த ஒரு வரியைத்தான் நம்பியிருக்கின்றன.

வார எண்

ஐரோப்பிய பையர் சிலர் நாளே சொல்லமாட்டார்கள். 23ஆம் வாரம் டெலிவரி என்பார்கள். ஐ.எஸ்.ஓ. கணக்கில் வாரம் திங்களன்று தொடங்கும். ஆண்டின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். அதன்படி 2026இன் 23ஆம் வாரம் ஜூன் 1 முதல் 7 வரை. இதைக் கண்டுபிடிக்க எக்செலில் வீக்நம் (WEEKNUM) என்ற ஃபார்முலாவைப் போடுகிறவர்கள் இந்த ஆண்டு தப்பித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் தவிர மற்ற நாட்களுக்கு விடை ஒன்றாகவே வருகிறது. வீக்நம் ஜனவரி 1 இருக்கும் வாரத்தை முதல் வாரமாகக் கொண்டு ஞாயிறு முதல் எண்ணுவது. 2027இல் ஜனவரி 1 வெள்ளிக்கிழமை வருகிறது, 2028இல் சனிக்கிழமை. அந்த இரண்டு ஆண்டிலும் ஐ.எஸ்.ஓ.வின் முதல் வாரம் தொடங்குவதற்குள் வீக்நம் இரண்டாம் வாரத்துக்குப் போயிருக்கும். ஆண்டு முழுவதும் ஒரு வாரம் கூடுதலாகவே காட்டிக்கொண்டிருக்கும். ஐஎஸ்ஓவீக்நம் (ISOWEEKNUM) என்ற தனி ஃபார்முலா எக்செல் 2013 முதல் இருக்கிறது. அதையே போட வேண்டும். அதையும் போட்டுவிட்டு, வாரம் எந்த நாளில் முடிகிறது என்பதை மாதப் பெயரோடு எழுதிப் பதில் அனுப்பி உறுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

கிழமையைச் சேர்த்து எழுதுவதன் பயனை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை; ஜாப் ஒர்க் கணக்கும் வாரக் கணக்காகவே முடிகிறது. பேச்சில் இங்கே யாரும் 9ஆம் தேதி வாருங்கள் என்பதில்லை, வருகிற செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்பார்கள். 5 ஜூன் 2026, வெள்ளி என்று எழுதினால் தேதியில் பிழை இருந்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும், கிழமையில் பிழை இருந்தால் தேதி காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சொல் அதிகம் என்பதைத் தவிர இதற்குச் செலவே இல்லை.

எதை எங்கே வைப்பது

ஒரே வடிவத்தை எல்லா இடத்துக்கும் திணிக்க வேண்டும் என்று வற்புறுத்துவோர் உண்டு. ஒன்றே ஒன்றுதான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற கட்டாயம் வந்தால் நானும் நான்கு இலக்க ஆண்டை முன்னால் வைத்ததையே சொல்வேன். அப்படிக் கட்டாயம் ஏதும் இல்லாதபோது, எழுதியதைப் படிக்கப்போவது யார் என்று பார்த்து முடிவு செய்வதுதான் முறை. கணினி படிக்க வேண்டியவை, அதாவது கோப்புப் பெயர்கள், கோப்புறைகள், எக்செல் நெடுவரிசைகள், எல்லாம் 2026-06-05 என்றே இருக்கட்டும். ஊருக்கு வெளியே ஒரு மனிதர் படிக்க வேண்டியவை, அதாவது மின்னஞ்சல், பர்ச்சேஸ் ஆர்டர் உறுதிக் கடிதம், பேக்கிங் லிஸ்டின் தலைப்பு, எல்.சி. ஆவணங்கள், மாதத்தை எழுத்திலும், கூடுமானால் கிழமையையும் சேர்த்து இருக்கட்டும். அரசுத் தளங்களுக்கு அவை கேட்கிற வடிவம். பையருக்குப் போகும் எந்தத் தாளிலும் வெறும் எண்ணும் சாய்கோடும் வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் விதிவிலக்குக் கொடுக்கவே கூடாது.

டி.சி. புத்தகத்தை நான் தொடமாட்டேன். செக்கிங் பிரிவில் பெட்டி கட்டுகிறவரும் டெம்போ ஓட்டுநரும் டையிங் கேட்டில் கையெழுத்துப் போடுகிறவரும் நாள், மாதம், ஆண்டு என்றே எழுதுவார்கள். அவர்களுக்குள் அது ஒருபோதும் தவறாகப் படிக்கப்பட்டதில்லை. அந்தப் புத்தகத்திலிருந்து ஷீட்டில் ஏற்றும் ஒருவர் மட்டும் வரிசையை மாற்றி அடித்தால் போதும். மாதம் மூன்றெழுத்தில் அச்சாகும் சுழல் தேதி முத்திரை ஒன்றை டெஸ்பாட்ச் மேசையில் வைத்துவிட்டால், ஜூன் ஜூலைக் கையெழுத்துச் சண்டையும் அடங்கிவிடும்.

உள்ளூர் வியாபாரத்தோடு நின்றுகொள்ளும் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கோ, நாமக்கல் லாரி புக்கிங் ஆபீசுக்கோ இவ்வளவும் தேவையில்லை. கோப்புப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமானது. கரூரிலிருந்து அமெரிக்காவுக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் அனுப்புகிறவர்களுக்கும், கோவையிலிருந்து பம்ப் செட்டும் வார்ப்பு உதிரிகளும் அனுப்புகிறவர்களுக்கும் மேலே சொன்னவை அப்படியே பொருந்தும்.

மாற்றத்தை ஏப்ரல் 1 அன்று, புதிய கணக்காண்டோடு தொடங்குவது வசதி. அன்றைக்கு ஒவ்வொரு கணினியிலும் விண்டோஸ் வட்டார அமைப்பை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றி, குறுந்தேதி வடிவத்தில் ஆண்டை முன்னால் வைத்துவிட வேண்டும். மாற்றும் முன்பு, பழைய ஷீட்களில் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும் தேதிகள் உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். பழைய கோப்புகளின் பெயர்களை மாற்ற உட்கார வேண்டாம். ஒன்றோடொன்று இணைத்த எக்செல் ஷீட்கள் பெயர் மாறினால் இணைப்பை இழந்துவிடும், ஜி.எஸ்.டி. பதிவேடுகளை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், இன்வாய்ஸ்கள் எந்தப் பெயரில் ஆடிட்டர் கைக்குப் போயினவோ அந்தப் பெயரிலேயே அதுவரை இருப்பதுதான் நமக்கும் அவருக்கும் நல்லது.